ஹார்ம் ஃபோல்கெர்ட்ஸின் அப்பா பெயர்

ஒரு ஜேர்மன்காரருக்குப் பதினொரு ஆண்டுகளாகப் பிழையான அப்பாவை வைத்திருந்தவள் நான். அதுவும் அரசாங்கப் பதிவில். பிடிபட்ட நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், படபடப்பு மறுபக்கம்.

சென்ற மாதம் ஷார்ஜாவிலிருந்து ஃபாத்திமா கூப்பிட்டிராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் அவள். கீழக்கரைப் பிள்ளை, கெட்டிக்காரி.

"அக்கா, இப்பல்லாம் பாஸ்போர்ட்ட மெஷின்ல வெச்சா எல்லாம் தானா வந்துடுது. ஒரு ஜேர்மன்காரருக்கு அப்பா பேரு மட்டும் காலியா நிக்குது. கடைசிப் பேரையே போட்டுடவாக்கா?"

நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்தே போனாள்.

"போடாதை பிள்ளை. எழும்பிப் போய் அந்த மனிசனிட்டையே கேள்" என்றேன். ஏன் என்று கேட்டாள். அது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். அவளுக்காகத் தொடங்கியது நீண்டுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்துப் படித்தேன். இருபத்தாறு வயதில் ஷார்ஜாவுக்கு வந்து ஒரு டைப்பிங் சென்டரில் நாலு ஆண்டுகள் அரபுப் படிவங்களோடு மல்லுக்கட்டினேன். பிறகு பெரிய பம்புகளைப் பொருத்துகிற ஒரு கம்பெனியில் விசா வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான், மிச்சமெல்லாம் ஏச்சு வாங்கிப் படித்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கு எங்கள் பம்புகள் போகும். சவூதியில் யான்பு வரைக்கும் எங்கள் ஆட்கள் போய்ப் பொருத்திவிட்டு வருவார்கள். தொழிலாளர்கள் தமிழ்நாடு, பீகார், நேபாளம் என்று இருப்பார்கள், எஞ்சினியர்களில் சிலர் ஜேர்மன்காரர். ஆள் யாராக இருந்தாலும் படிவம் ஒன்றுதான். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர்.

அந்தப் படிவத்தில் என் கை நன்றாகப் பழகிவிட்டது. என் பாஸ்போர்ட்டில் இராசராணி பொன்னையா என்று இருக்கிறது. இராசராணி நான், பொன்னையா என் அப்பா. முருகேசன் கருப்பையா என்று ஒருவர் வந்தால் அவருடைய அப்பா கருப்பையா. இதில் கேட்க என்ன இருக்கிறது? அதே கையோடு ஜேர்மன்காரர்களுக்கும் நிரப்பினேன். ஹார்ம் ஃபோல்கெர்ட்ஸ் என்றால் ஆள் ஹார்ம், அப்பா ஃபோல்கெர்ட்ஸ். விசா ஒழுங்காக வந்தது, புதுப்பித்தபோதும் வந்தது. பிழை இருப்பதாக ஒருவருமே சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அபுதாபிக் கிளையிலிருந்து பஷீர் எங்களுக்கு மந்தூபாக வந்தார். அரசாங்க அலுவலகங்களில் கம்பெனிக்காக ஏறி இறங்குகிறவரை அங்கே மந்தூப் என்பார்கள். அவர் சூடான்காரர். ஆறடி உயரம், வெள்ளை ஜலாபியா அங்கி, சட்டைப் பையில் எப்போதும் பச்சை மை பேனா. வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரை உஸ்தாத் என்றோம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. படிவத்தில் பிழை கண்டால் தாளைக் கவிழ்த்து வைப்பார், தேநீர் கொண்டுவரச் சொல்வார், குடித்து முடிக்கும் வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஏச்சு எவ்வளவோ மேல்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. நகலை நம்ப மாட்டார். ஆளை முன்னால் நிறுத்தி, படிவத்தில் விரலை வைத்துக்கொண்டு, "உன் பெயரைச் சொல், உன் அப்பா பெயரைச் சொல், அவருடைய அப்பா பெயரைச் சொல்" என்று மூன்றையும் வாயால் சொல்ல வைப்பார். சொன்னதும் தாளில் உள்ளதும் ஒத்துப்போனால் மையை ஊதிக் காயவைத்துவிட்டு, "ஹலாஸ்" என்பார், வேலை முடிந்தது என்று. சூடானில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், பாட்டன் பெயர் என்று போய்க்கொண்டே இருக்கும்.

அவர் வந்த முதல் வாரமே ஹார்ம் ஃபோல்கெர்ட்ஸைக் கூப்பிட்டுவிட்டார். ஹார்ம் எங்கள் பட்டறைத் தலைவர். மெலிந்த மனிதர், பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லக்கூடியவர். மற்ற ஜேர்மன்காரர் துபாயில் கடலைப் பார்த்து வீடு எடுத்தால், இவர் ஷார்ஜாவிலேயே, முவைலாவில் கார் திருத்துகிற ஒரு கறாச்சிக்கு மேலே குடியிருந்தார். வேலைக்கு நடந்தே வருவார்.

"உங்கள் பெயர்?" என்றார் பஷீர். எங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தோடு ஹிந்தியும் அரபும் கலந்துதான் ஓடும்.

"ஹார்ம்."

"அப்பா பெயர்?"

"மென்னோ."

பஷீரின் விரல் தாளில் நின்றது. "அப்படியானால் இந்த ஃபோல்கெர்ட்ஸ் யார்?"

பஷீர் தாளைக் கவிழ்க்கப் போனார். அதற்குள் ஹார்ம் சிரிக்கத் தொடங்கினார். "இவர் எழுதியது சரிதான், மிஸ் ராணி எழுதியது முழுக்கச் சரி" என்றார். "என்ன, இருநூறு ஆண்டு பிந்திவிட்டது."

பிறகு அவர் தன் தொலைபேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஜேர்மனி முழுவதும் மாவட்டம் மாவட்டமாக. ஒரு குடும்பப் பெயரை எழுதினால், அந்தப் பெயர்க்காரர் எங்கே அதிகமோ அந்த மாவட்டம் கருமையாகத் தெரியும். அவர் ஃபோல்கெர்ட்ஸ் என்று எழுதினார். நாடே வெள்ளையாகக் கிடந்தது. வடமேற்கு மூலையில், ஒல்லாந்துக்கு அருகே கடலோரமாக, ஒரு சின்னத் துண்டு மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. "கிழக்கு ஃபிரீஸ்லாந்து. என் ஊர்" என்றார். துறைமுக வேலைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போனவர்களால் வேறு சில இடங்களில் மெல்லிய சாம்பல் நிறம். ஒரு கூட்டம் கப்பலேறி அமெரிக்காவுக்கும் போயிருக்கிறது. மற்றபடி எல்லோரும் அந்த மூலையில்தான்.

"எங்கள் ஊரில் முன்பு குடும்பப் பெயர் கிடையாது" என்றார். "ஃபோல்கெர்ட்டுக்கு மென்னோ என்று மகன் பிறந்தால் அவன் மென்னோ ஃபோல்கெர்ட்ஸ். ஃபோல்கெர்ட்டுடைய மகன் என்று பொருள். அவனுக்கு மகன் பிறந்தால் மென்னோவின் பெயர் பின்னால் வரும். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரைப் பிடித்தபோது, இதெல்லாம் சரிவராது, எல்லோரும் ஒரு பெயரை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சட்டம் போட்டார்கள். அந்த நேரம் பண்ணையில் இருந்தவன் ஃபோல்கெர்ட்டின் மகன். ஆகவே நாங்கள் எல்லோரும் இன்றைக்கும் ஃபோல்கெர்ட்டின் மகன்கள். பெயர் பதிகிற எழுத்தர் ஒரு தலைமுறை பிந்தி வந்திருந்தால் என் பெயரே வேறு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிடிபட்ட வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். "நாங்களும் அப்படித்தான், சேர். இன்றைக்கும் அப்படித்தான்" என்றேன். பஷீர் தன் பெயரில் தொடங்கி ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். ஹார்ம் இன்னொன்றும் சொன்னார். அவர்கள் ஊரில் மூத்த மகனுக்குத் தகப்பனுடைய தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயுடைய தகப்பன் பெயர். அப்படி ஒரு இரண்டாம் மகன் வழியாகத்தான் ஹார்ம் என்ற பெயர் அவர்களிடம் வந்ததாம். அதன் பிறகு ஹார்ம், மென்னோ, ஹார்ம், மென்னோ என்று மாறி மாறி வருகிறது. பேரன் என்ற சொல்லே எங்களுக்குப் பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்றுதான் வந்தது என்று நான் சொன்னபோது, அந்த மனிதர் மேசையில் கையால் ஓங்கித் தட்டினார். அரை மணி நேரம் வேலை நடக்கவில்லை. வாசலில் எட்டுப் பேர் பாஸ்போர்ட்டோடு காத்து நின்றார்கள்.

அதற்காகத் தண்டனை இல்லாமல் போகவில்லை. தேநீர் குடித்து முடித்த பஷீர், கம்பெனியில் உள்ள அத்தனை ஜேர்மன்காரரின் கோப்புகளையும் எடுக்கச் சொன்னார். ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் நான் குடும்பப் பெயரையே அப்பாவாக்கி வைத்திருந்தேன். நாளுக்கு ஒருவராக, அவரவர் அறைக்கு நடந்து போய், "உங்கள் அப்பா பெயர் என்ன?" என்று நின்றபடி கேட்டு எழுதி வர வேண்டும் என்றார். வெட்கம் பிடுங்கித் தின்ன ஒன்பது நாள் நடந்தேன். நிதிப் பகுதி மேலாளர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பற்றிக் கால் மணி நேரம் கதைத்தார். வேலைக்கு வந்த இடத்தில் இதை யாரும் கேட்டதில்லையாம்.

அதிலிருந்து ஹார்முக்கும் எனக்கும் தேநீர் நட்பு. அவருடைய ஊரார் தேநீர் குடிப்பதைப் பார்க்க வேண்டும். கோப்பையில் முதலில் கற்கண்டுக் கட்டி, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கக் கறுத்த தேநீர். கற்கண்டு வெடிக்கும் சத்தம் கேட்டதும் கொஞ்சம் பாலாடை. கலக்கவே கூடாது. மூன்று கோப்பைக்குக் குறைந்தால் மரியாதை இல்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்து வளர்ந்த எனக்கு இது பெரிய வேற்றூர்ப் பழக்கமாகத் தெரியவில்லை. முவைலாவில் ஒரு தமிழ்க் கடையில் நல்ல கற்கண்டு கிடைக்கும், நான்தான் வாங்கிக் கொடுப்பேன். ஒரு நாள் மூன்றாவது கோப்பையில், தனக்கு ஒரு மகன் இருப்பதாகச் சொன்னார். மனைவி பிரிந்து போன பிறகு அவன் இவரோடு பேசுவதில்லை. "அவன் வளர்ந்த காலம் முழுவதும் நான் பாலைவனத்தில் பம்ப் பூட்டிக்கொண்டு இருந்தேன். அவன் கோபப்படுவது நியாயம்தான்" என்றார். மகனுடைய பெயரை நான் கேட்கவில்லை. பெயர் கேட்பதே தொழிலாக இருந்தவள், அன்றைக்குப் பார்த்துக் கேட்காமல் விட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஹார்ம் வீட்டில் விழுந்துவிட்டார். மூளையில் இரத்தக் கசிவு. கீழே கறாச்சிக்காரர் சத்தம் கேட்டு ஏறிப்போய் அம்புலன்ஸை அழைத்திருக்கிறார். பஷீரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருக்கு நினைவில்லை. டாக்டர் கேரளத்துக்காரர், பொறுமையான பெண். "இன்னும் இரண்டு மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்லலாம். சொந்தக்காரர் இருந்தால் வரச் சொல்லுங்கள், பிந்தாமல் வரச் சொல்லுங்கள்" என்றார்.

யாரை வரச் சொல்வது? கம்பெனிக் கோப்பில் அவசரத் தொடர்பு என்று இருந்தது பிரிந்துபோன மனைவியின் எண். அது எப்போதோ செத்துப்போன எண். தூதரகத்தில் மரியாதையாகப் பேசினார்கள், ஜேர்மனிக்கு எழுதி விசாரிப்பதாகச் சொன்னார்கள். ஆனால் வார இறுதி. அந்த மனிதர் யாருமில்லாமல் போய்விடுவாரோ என்று பயந்தேன். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது, என்மேல்தான். ஒரு பெயரைக் கேட்டிருக்கக் கூடாதா?

ஆஸ்பத்திரி நடையில் இருந்தபோது திடீரென்று உறைத்தது. கேட்கத் தேவையே இல்லை. மூத்த மகனுக்குத் தகப்பனுடைய தகப்பன் பெயர். அவன் மென்னோ. மென்னோ ஃபோல்கெர்ட்ஸ். பஷீரிடம் சொன்னேன். அவர் எழுந்து, "யல்லா, யாரிடம் கேட்கலாம்?" என்றார்.

என் தம்பி சிவநேசன் முப்பது ஆண்டுக்கு மேலாக ஜேர்மனியில் இருக்கிறான். அவன் மகள் துர்க்கா அங்கேயே பிறந்தவள், ஜேர்மன் மொழியில்தான் கனவே காண்பாள். அவளைப் பிடித்தேன்.

"மாமி, ஆறுதலாச் சொல்லுங்கோ. ஆருக்கு என்ன?"

சொன்னேன். வரைபடத்தையும் சொன்னேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஓம் மாமி, அந்த மூலையிலதான் எல்லாம். டெலிபோன் புத்தகத்தில ஃபோல்கெர்ட்ஸ் எண்டு கனபேர் இருக்கினம். பொறுங்கோ, மென்னோ எண்டு பாக்கிறன்." மறுபடியும் தட்டும் சத்தம். "நாலு பேர்."

நாலு பேர். பஷீருக்கு நாலு விரலைக் காட்டினேன்.

"மாமி, இன்னொண்டு. எங்கட பேரையும் போட்டுப் பாத்தன். பொன்னையா. முழு ஜேர்மனியிலயும் ஒரே ஒரு இடத்திலதான் நிறம் இருக்கு. அது நாங்கள்தான்."

அவள் துர்க்கா சிவநேசனாக இருக்க வேண்டியவள். ஜேர்மன் பதிவில் துர்க்கா பொன்னையா. எங்கள் அப்பாவும் அங்கே ஒரு ஃபோல்கெர்ட் ஆகிவிட்டார் என்று நினைத்தபோது, அந்தக் கவலையிலும் எனக்கு ஒரு துள்ளல் வந்தது.

துர்க்கா ஒவ்வொருவராக அழைத்தாள். முதல் வீட்டில் ஒரு கிழவி, தன் மென்னோ போன ஆண்டு காலமாகிவிட்டார் என்றாள். இரண்டாவது மென்னோவின் அப்பா பக்கத்தில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாராம். நாலாவது எண் எடுபடவில்லை. மூன்றாவது மென்னோ எழுபது வயதுக்காரர். "எந்த ஹார்ம்? அரபு நாட்டுக்குப் போன ஹார்மா?" என்று கேட்டிருக்கிறார். ஹார்முக்குத் தூரத்து உறவில் அண்ணன் முறை.

"மாமி, மகன்ர பேர் மென்னோதான். நீங்கள் சொன்னது சரி" என்றாள் துர்க்கா. "ஆனா புத்தகத்தில தேடினால் கிடைக்காது. கலியாணம் கட்டேக்க மனிசியின்ர பேரை எடுத்திட்டாராம். இப்ப மென்னோ ஹூபர். தெற்கில, பவேரியாவில இருக்கிறார். ஊர் ஆக்களோட கதையில்லை. இந்தப் பெரியவரிட்ட நம்பர் இருக்கு, ஆனா தரமாட்டாராம். தானே எடுத்துச் சொல்லுறாராம். உங்கட நம்பரைக் குடுத்திருக்கிறன்."

ஹூபர் எங்கே இருக்கிறது என்று துர்க்கா பார்த்திருக்கிறாள். அந்த வரைபடத்தின் தென்கிழக்கு முழுவதும் ஹூபராம். கடலோர மூலையில் ஒருவரும் இல்லையாம். அப்பாவின் பெயரிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் அவன் போயிருக்கிறான். என் துள்ளல் அப்படியே அடங்கிவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து என் தொலைபேசி அடித்தது.

"நீங்கள் யார்?" என்றது ஆங்கிலத்தில் ஒரு ஆண் குரல்.

"உங்கள் அப்பாவின் விசாவைப் பார்க்கிறவள்."

"நான் இப்போது அந்தப் பெயரில் இல்லை. அவருக்கு நான் ஒருவருமில்லை."

என்னிடம் நல்ல வார்த்தைகள் ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் அப்பா உங்களை நினைத்து ஏங்கினார் என்று கதை கட்டவும் எனக்கு வராது. நான் படிவக்காரி. "ஜேர்மன் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை" என்றேன். "வருவதும் வராததும் உங்கள் விருப்பம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளவரைத்தான் விடுவார்கள். இப்போது அது காலியாக இருக்கிறது. எந்தப் பெயரில் எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"அவர் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டான்.

"நீங்கள் கோபப்படுவது நியாயம்தான் என்று சொன்னார். அவ்வளவுதான்."

பிறகு ஹூபர் என்பதை எழுத்து எழுத்தாகச் சொன்னான். நான் பஷீரிடம் பச்சை மை பேனாவை வாங்கி எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு காலை வந்து இறங்கினான். அப்பாவைப் போலவே மெலிந்த உடம்பு. பஷீர்தான் விமான நிலையத்தில் இருந்து கூட்டி வந்தார். வாசலில் காவலாளி பாஸ்போர்ட்டைப் பார்த்து, நோயாளியின் பெயர் வேறு, இவர் பெயர் வேறு, மாஃபி, அனுமதி இல்லை என்று கையை விரித்தார். நான் பட்டியலில் விரலை வைத்துக் காட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த தோரணைக்கு அமைச்சரையே உள்ளே அனுப்பியிருப்பேன்.

அதற்கு முந்திய இரவே ஹார்ம் கண் திறந்திருந்தார். ஆனால் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் போகவில்லை, டாக்டருக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றான். நான் கதவருகில் நின்றேன். டாக்டர் குனிந்து, கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"சேர், உங்கள் பெயர் என்ன?"

ஹார்மின் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. இரண்டு தடவை முயன்றார்.

"மென்னோ."

டாக்டர் நிமிர்ந்தார். முகத்தில் கவலை தெரிந்தது. தன் பெயர் தெரியவில்லை, குழப்பம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கோப்பில் எழுதினார்.

"டாக்டர், வெட்டுங்கள் அதை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவருக்குக் குழப்பம் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. உங்களுக்குப் பின்னால் நிற்கிறவரைக் கூப்பிடுகிறார்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். மகன் சுவரை விட்டு வந்தான். முழு ஜேர்மனியையும் தாண்டிப் போனவன், அவர்கள் ஊர்க் கடலோரத்தில் காலை மாலை எந்நேரமும் சொல்கிற அந்த வணக்கத்தைச் சொன்னான்.

"மோயின், பப்பா."

டாக்டர் பேனாவைத் திறந்து, எழுதியதை வெட்டினார்.